‘டெக்னீஷியன் வரலை’ – எந்த வரலை? ஹெல்ப்பிங் வெர்ப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

"டியர் சார், டெக்னீஷியன் இஸ் நாட் கேம். ஹி டிட் நாட் காட் த ஸ்பேர். ஐ ஆம் இன்ஃபார்ம் யூ."

கேஸ் இந்த மூன்று வரிதான். கத்திரி வெயில் நேரத்தில், அம்பத்தூர் பக்கம் ஒரு ஏசி சர்வீஸ் ஆபீஸிலிருந்து பள்ளிக்கரணையில் ஒரு அபார்ட்மென்டுக்குப் போன வாட்ஸ்அப் மெசேஜ். வாங்கியவர் வேலைக்காகச் சென்னைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர், தமிழ் தெரியாது. ஸ்பிளிட் ஏசியின் இண்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக் கட்டில் நனைந்துகொண்டிருக்கிறது. காலை பதினோரு மணிக்கு ஆள் வருவதாகப் பேச்சு, மதியம் இந்த மெசேஜ் வருகிறது. அவர் படித்துவிட்டு, சரி, இனி ஆள் வரப்போவதில்லை என்று முடிவு கட்டி, பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டார். சாயங்காலம் இவர்களுடைய டெக்னீஷியன் அம்பத்தூரிலிருந்து டிராஃபிக்கில் நொந்து நூலாகி, கையில் புது ட்ரெயின் ட்ரேயோடு (ஏசித் தண்ணீரைப் பிடிக்கும் தட்டு) வாசலில் போய் நின்றார். அப்புறம் என்ன, வாசலிலேயே சத்தம், விசிட் சார்ஜ் தரமாட்டேன் என்று அவர், ஒற்றை ஸ்டார் ரிவ்யூ, மறுநாள் ஆபீஸில் மேனேஜரின் விசாரணை.

மெசேஜ் அனுப்பிய பெண் சொல்ல நினைத்தது இதுதான்: "டெக்னீஷியன் இன்னும் வரலை. ஸ்பேர் கிடைக்கலை. நான் சொல்றேன்." அதாவது ஆள் வருவார், கொஞ்சம் தாமதம், எப்போது என்று தெரிந்ததும் தகவல் தருகிறேன். போய்ச் சேர்ந்தது அதற்கு நேர் எதிர். "இஸ் நாட் கேம்" என்பதை அந்த வாடிக்கையாளர் "இஸ் நாட் கமிங்" என்று படித்தார், "ஐ ஆம் இன்ஃபார்ம் யூ" என்பதை "ஐ ஆம் இன்ஃபார்மிங் யூ" என்று படித்தார். வரமாட்டார், இது உங்கள் தகவலுக்கு. அவர் படித்ததில் தப்பே சொல்ல முடியாது. உடைந்த வாக்கியத்தை யாராக இருந்தாலும் பக்கத்தில் இருக்கிற நல்ல வாக்கியமாகச் சரிசெய்துகொண்டுதான் படிப்பார்கள், அவர் சரிசெய்த திசைதான் வேறு.

நான் சென்னையில் பாடி என்ற இடத்தில் மாலை நேரத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பெண் என்னிடம் வந்தது இந்த விவகாரத்துக்குப் பிறகு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். பேச்சில் கெட்டிக்காரி, டெக்னீஷியன்கள் அத்தனை பேரையும் போனிலேயே மேய்ப்பவர். ஏற்கெனவே ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் பணம் கட்டிப் படித்திருக்கிறார். அங்கே ஹெல்ப்பிங் வெர்ப் என்றால் என்ன என்று கேட்டதற்கு 23 வார்த்தைகளை மனப்பாடம் பண்ணச் சொன்னார்களாம். என்னிடமும் மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காட்டினார்: ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீயிங், பீன், ஹேவ், ஹேஸ், ஹேட், டூ, டஸ், டிட், அப்புறம் கேன், ஷால், வில், மே, மஸ்ட் வகையறா ஒன்பது. ஒன்று விடவில்லை. பட்டியல் முழுக்கச் சரி. ஆனால் மெசேஜ் தப்பு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்குக் கேள்வியாக இருந்தது.

அதனால் பாடம் எதுவும் எடுக்கவில்லை. அனுப்பிய மெசேஜ்களில் பெயர், நம்பர், விலாசம் எல்லாம் விட்டுவிட்டு வாக்கியங்களை மட்டும் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன், நல்லது கெட்டது பார்க்காமல் வரிசையாக. நோட்டைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது: தப்பு எல்லா இடத்திலும் இல்லை. "வில் கம்", "வில் கால்", "கேன் சென்ட்", இதெல்லாம் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. "வில் கேம்" என்று தேடினாலும் கிடைக்காது. ஆனால் டிட், டஸ் வந்த இடத்திலெல்லாம் அடி: "டிட் நாட் கேம்", "ரிமோட் டஸ் நாட் வொர்க்ஸ்", "டிட் யூ பெய்ட்?". ஆம், இஸ் போன்ற பி வகை வந்த இடத்தில் வேறு மாதிரி அடி: "ஐ ஆம் அக்ரீ", "டெக்னீஷியன் இஸ் சென்டிங் டுமாரோ". ஹேவ் பக்கம் "ஹேஸ் கேம்", "ஹேவ் சென்ட்" என்று பாதி சரி பாதி தப்பு, அந்தச் சரியும் சென்ட் என்ற சொல்லின் இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருந்ததால் தற்செயலாக அமைந்தது.

இதையெல்லாம் மொத்தமாக "டென்ஸ் வீக்" என்று ஒரே பெயரில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். உடனே பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் சார்ட்டைக் கையில் கொடுப்பார்கள். என் கருத்து, இவருக்கு அந்த சார்ட் ஒன்றுக்கும் உதவாது. ஏனென்றால் இங்கே இருப்பது ஒரு நோய் இல்லை, மூன்று. வெளியே தெரிகிற அறிகுறி ஒன்று போலிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் கோளாறு, காலம் இரண்டு தடவை ஏறுவது. "டிட் நாட் கேம்" என்பதில் டிட் ஏற்கெனவே இறந்தகாலம், கேம் மறுபடியும் இறந்தகாலம். இதைப் போர்டில் எழுதி "டிட் வந்தால் அடுத்து முதல் வடிவம்தான்" என்று விதியாகச் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், அடுத்த மெசேஜில் மறுபடியும் கேம் வந்து உட்காரும். அதனால் தமிழில் ஆரம்பித்தேன்.

"வந்தார். இதை இல்லைன்னு சொல்லுங்க."

"வரலை."

"வந்தார்லைன்னு ஏன் சொல்லலை?"

சிரித்துவிட்டார். "அப்படி யாரு மேடம் பேசுவாங்க?"

"சரி, வந்தார்ல இருந்த ‘ந்த்’ எங்க போச்சு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். வந்தார் என்பதில் இருந்த இறந்தகாலமும் போய்விட்டது, ஆர் என்ற மரியாதை விகுதியும் போய்விட்டது, மிச்சம் இருப்பது வெறும் ‘வர’. அதோடு ‘இல்லை’ என்ற சொல் சேர்கிறது. இங்கிலீஷும் அச்சு அசலாக இதைத்தான் செய்கிறது. கேம் என்பதை எதிர்மறையாக்கும்போது வினையை உரித்துவிட்டு வெறும் கம் ஆக்கி, டிட் நாட்டை அதோடு சேர்க்கிறது. தமிழ் பேசுகிற யாரும் தன் ஆயுளில் ஒரு தடவைகூட "வந்தாரில்லை" என்று மெசேஜ் அனுப்பியிருக்க மாட்டார்கள் (பழைய செய்யுள் நடையில் வரும், அதை விடுங்கள்). எதிர்மறையில் வினை அம்மணமாகத்தான் நிற்கும் என்ற உணர்வு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, இங்கிலீஷ் எழுதும்போது மட்டும் அதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருகிறோம். ஒரு வித்தியாசம் உண்டு: தமிழில் இல்லை என்ற சொல் காலத்தைக் காட்டாது, ஆளையும் காட்டாது, நான் வரலை, அவங்க வரலை, எல்லாம் ஒன்றுதான். இங்கிலீஷில் உரிக்கப்பட்ட காலமும் ஆளும் வீணாகப் போகாமல் டூ மேல் ஏறிக்கொள்ளும், அதனால்தான் டூ, டஸ், டிட் என்று மூன்று. "வொர்க்ஸ்" என்பதில் இருந்த எஸ் ஓசை டஸ்ஸுக்குப் போய்விட்டது, இனி வொர்க்கில் அது இருக்க முடியாது. டஸ் நாட் வொர்க்.

எதிர்மறை வாக்கியங்கள் இதற்குப் பிறகு மளமளவென்று சரியாகின. கேள்விகள் ஆகவில்லை. "டிட் யூ பெய்ட்" பிடிவாதமாக நின்றது. ஏன் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: கேள்வியில் தமிழ் வினையை உரிப்பதில்லை. கட்டினீங்க, கட்டினீங்களா. முழு வினைமுற்றும் அப்படியே நிற்க, கடைசியில் ஒரு ஆ ஒட்டிக்கொள்கிறது. ஆக எதிர்மறையில் கைகொடுத்த தாய்மொழி, கேள்வியில் காலை வாருகிறது. அவர் மனசுக்குள் டிட் என்பது வெறும் ‘ஆ’ மாதிரி ஒரு கேள்விக் குறியாகத்தான் இருந்தது. இதற்கு நாங்கள் செய்தது ஒரு உபாயம்தான்: கேள்வி எழுதும் முன் அதையே இல்லை வாக்கியமாக எழுது, "யூ டிட் நாட் பே", அப்புறம் நாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டிட்டை முன்னால் வை, "டிட் யூ பே?". சுற்றிவளைத்த வழி, ஆனால் தப்பாது.

இந்த இடத்தில் அவர் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லியாக வேண்டும். "இந்த டூ எதுக்கு மேடம்? வில், கேன் எல்லாம் தானே திரும்பிக்குது, தானே நாட் சேர்த்துக்குது. மத்த வெர்புக்கு மட்டும் ஏன் ஆள் அனுப்பணும்?" நல்ல கேள்வி. அதோடு நிறுத்தவில்லை. சர்ச்சில் புனித வெள்ளி அன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வாக்கியங்கள் பற்றிப் பிரசங்கம் நடக்கும் அல்லவா, முதல் வாக்கியத்தின் பழைய இங்கிலீஷ் வசனம் அவருக்கு மனப்பாடம்: "ஃபாதர், ஃபர்கிவ் தெம், ஃபார் தே நோ நாட் வாட் தே டூ." இதில் ‘டூ நாட் நோ’ இல்லையே, ‘நோ நாட்’ என்றுதானே இருக்கிறது, அப்போ பைபிள் தப்பா?

தப்பில்லை, பழசு. அந்த மொழிபெயர்ப்பு 1611-இல் வந்தது. அந்தக் காலத்து இங்கிலீஷில் எந்த வினையும் தானே நாட்டைச் சேர்த்துக்கொள்ளும், "நோ நாட்", "ஜட்ஜ் நாட்". கேள்வியிலும் வினையே முன்னால் போய் நிற்கும். டூவைத் துணைக்கு அழைக்கும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது, இரண்டும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின, 1700 வாக்கில்தான் கேள்விக்கும் எதிர்மறைக்கும் டூ கட்டாயம் என்ற நிலை ஏறக்குறைய வந்தது. பி, ஹேவ், வில், கேன் மாதிரி சில மட்டும் பழைய வழக்கத்திலேயே தங்கிவிட்டன. ஹெல்ப்பிங் வெர்ப் எது என்று கண்டுபிடிக்க 23 மனப்பாடத்தைவிட இந்தச் சோதனை நல்லது: தானே நாட் சேர்த்துக்கொண்டு, கேள்வியில் தானே முன்னால் போகிறதா? போனால் அது துணைவினை. "ஐ டூ த வொர்க்" என்பதில் டூ முழு வினை, அதை எதிர்மறையாக்க "ஐ டூ நாட் டூ த வொர்க்" என்று இன்னொரு டூ வேண்டியிருக்கிறது. பட்டியலில் இருக்கிற வார்த்தை என்பதால் மட்டும் அது எப்போதும் துணைவினை ஆகிவிடாது. அந்த வசனத்தின் கடைசி டூகூட முழு வினைதான், அதை அவரே கண்டுபிடித்தார்.

இரண்டாவது கோளாறு, யாருக்குப் பக்கத்தில் யார் என்பது. இதுதான் இந்தக் கேஸின் மையம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

"வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்" என்ற தமிழைப் பிரித்துப் பாருங்கள். வந்துகொண்டு, இருந்து, இருக்க, வேண்டும். இங்கிலீஷில் "மஸ்ட் ஹேவ் பீன் கமிங்". கடைசியிலிருந்து படியுங்கள்: வேண்டும் மஸ்ட், இருக்க ஹேவ், இருந்து பீன், வந்துகொண்டு கமிங். கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று தலைகீழ். ஒரு துண்டு கூடவில்லை, ஒரு துண்டு குறையவில்லை. போர்டில் இதை எழுதி நடுவில் கோடு போட்டுக் காட்டியபோது அந்தப் பெண் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார், வகுப்பில் வழக்கமாகத் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

இதை ஒரு ரயில் என்று வைத்துக்கொண்டால், தமிழில் இன்ஜின் கடைசியில் இருந்து தள்ளுகிறது, இங்கிலீஷில் முன்னால் இருந்து இழுக்கிறது. காலம், ஆள் இரண்டையும் சுமப்பது இன்ஜின் மட்டும்தான். வந்துகொண்டிருக்கிறேன், வந்துகொண்டிருந்தார்கள்: மாறுவது கடைசித் துண்டு, வந்துகொண்டு மாறவே இல்லை. ஆம் கமிங், வேர் கமிங்: மாறுவது முதல் துண்டு, கமிங் மாறவே இல்லை. மற்ற பெட்டிகள் ஒவ்வொன்றும் தனக்கு இன்ஜின் பக்கமாக ஒட்டியிருக்கிற பெட்டி எந்தக் கொக்கியைக் கேட்கிறதோ அந்தக் கொக்கியோடு நிற்கும். தமிழில் முடியும் என்ற சொல் ‘வர’ என்ற வடிவத்தைக் கேட்கும், வர முடியும். விடு என்பது ‘வந்து’ என்ற வடிவத்தைக் கேட்கும், வந்துவிட்டார். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? "வரவிட்டார்" என்றால் வர அனுமதித்தார் என்று ஆகிவிடும். வந்துவிட்டாருக்கும் வரவிட்டாருக்கும் இருக்கிற தூரம் நமக்கு யாரும் சொல்லித்தராமலே காதில் விழுகிறது இல்லையா, "இஸ் நாட் கேம்" இங்கிலீஷ்காரர் காதில் விழுவதும் அதே மாதிரிதான்.

இங்கிலீஷின் கொக்கிகள் நாலே நாலு. வில், கேன், மஸ்ட் போன்ற மோடலுக்கு அடுத்து வெறும் வினை. டூ வகைக்கு அடுத்தும் வெறும் வினை. ஹேவ் வகைக்கு அடுத்து மூன்றாம் வடிவம். பி வகைக்கு அடுத்து இங் வடிவம், அல்லது செயப்பாட்டுக்கு மூன்றாம் வடிவம். ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்த ஒரு வார்த்தையை மட்டும்தான் ஆட்டிவைக்கும், அதற்கும் அடுத்ததை அது கண்டுகொள்ளாது. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957-இல் இங்கிலீஷ் துணைவினைகளுக்குக் கொடுத்த புகழ்பெற்ற சூத்திரத்தின் சாரமும் இதுதான்: ஹேவ் கொண்டுவரும் ஒட்டு ஹேவில் ஒட்டாமல் அடுத்த வினையில் போய் ஒட்டும், பி கொண்டுவரும் ஒட்டு அதற்கு அடுத்ததில். மொழியியல் படிப்பவர்கள் இதைப் பெரிய கோட்பாடாகப் படிக்கிறார்கள், ஏசி ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் தேவையானது, அனுப்பும் முன் அடுத்த வார்த்தையைப் பார் என்பது மட்டும்.

"இஸ் சென்டிங்" விவகாரம் இங்கேதான் தீர்ந்தது. "டெக்னீஷியன் இஸ் சென்டிங் டுமாரோ" என்றால் டெக்னீஷியனே யாரையோ, எதையோ அனுப்புகிறார் என்று அர்த்தம். தமிழில் அனுப்புகிறார், அனுப்பப்படுகிறார் என்று படு வந்து பிரித்துக் காட்டிவிடும். இங்கிலீஷில் இரண்டுக்கும் அதே பி, அடுத்த வார்த்தையின் வால் மட்டும்தான் வித்தியாசம்: சென்டிங் என்றால் அவர் அனுப்புகிறார், சென்ட் என்று மூன்றாம் வடிவம் வந்தால் அவர் அனுப்பப்படுகிறார். "யுவர் ஏசி இஸ் ரிப்பேரிங்" என்று சென்னையில் எத்தனை பில் புக்கில் பார்த்திருக்கிறேன், ஏசி எதை ரிப்பேர் பண்ணுகிறதோ.

"ஐ ஆம் அக்ரீ", "ஐ ஆம் இன்ஃபார்ம்" வகையும் இதே விதியில் அடிபடும், ஆனால் அதன் வேர் வேறு. பள்ளிக்கூடத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பது சுய அறிமுகம், அதில் வரிக்கு வரி ஐ ஆம். அது சேர்ந்து ‘ஐயாம்’ என்று ஒரே வார்த்தையாக உறைந்துவிடுகிறது, நான் என்பதற்கு இங்கிலீஷ் ஐயாம் என்றே மனசில் பதிந்துவிடுகிறது. அந்த நோட்டில் ‘ஹி இஸ் அக்ரீ’ என்று ஒன்றுகூட இல்லை என்பதே இதற்குச் சாட்சி, கோளாறு ஐக்கு மட்டும்தான் இருந்தது. இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆமுக்கு அடுத்து வெறும் வினை நின்றால், ஒன்று ஆமை எடு, இல்லை இங் போடு. முடிந்தது.

மூன்றாவது கோளாறு இலக்கணமே இல்லை, அதனால் எந்தக் கரெக்‌ஷன் ஆப்பும் பிடிக்காது. "டெக்னீஷியன் வரலை." இதற்கு இங்கிலீஷ் என்ன? மூன்று உண்டு. டிட் நாட் கம், நேற்று வரவில்லை, கதை முடிந்தது. ஹேஸ் நாட் கம், இன்னும் வரவில்லை, கதவு திறந்தே இருக்கிறது. இஸ் நாட் கமிங், அவர் வரலை, வேறு ஆள் பாருங்கள். நம் ஆபீஸில் யாராவது "அவர் வரலை" என்றால் குரலையும் நேரத்தையும் வைத்து எந்த வரலை என்று புரிந்துகொள்வோம். இங்கிலீஷ் அந்த வேலையைக் கேட்பவரிடம் விடுவதில்லை, எழுதுகிறவர் தலையில் கட்டுகிறது, அதையும் துணைவினை வழியாகத்தான் கட்டுகிறது. "இஸ் நாட் கேம்" என்ற உடைந்த வாக்கியம் இந்த மூன்றுக்கும் நடுவே விழுந்தது. ஆப்பில் போட்டால் ஏதோ ஒன்றாக அதை மாற்றித் தரும், எந்த ஒன்று என்பதை முடிவு செய்ய அதற்கு டெக்னீஷியன் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டுமே.

"நான் சொல்றேன்" என்பதும் அதே ரகம். சொல்கிறேன் என்பது வடிவத்தில் நிகழ்காலம், ஆனால் போனில் "சரிங்க, சொல்றேன்" என்றால் பிறகு சொல்வேன் என்றுதான் அர்த்தம். இவர் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு ஆம் போட்டார், வேண்டியது வில்.

இதற்கு மருந்தாக நாங்கள் வைத்துக்கொண்டது காலச் சொல். தமிழ் வாக்கியத்தில் மறைந்திருக்கிற காலச் சொல்லை முதலில் வாய்விட்டுச் சொல்வது. நேத்து வரலை, காலையில வரலை என்று முடிந்துபோன நேரம் வந்தால் டிட். இன்னும், இதுவரைக்கும் வந்தால் ஹேஸ் அல்லது ஹேவ். இன்னைக்கு இனிமே வரலை என்றால் இஸ் நாட் கமிங். அப்புறம், நாளைக்கு, தெரிஞ்சதும் என்றால் வில். அமெரிக்கர்கள் இன்னும் என்ற இடத்தில் "டிட் ஹி கம் யெட்" என்றும் சகஜமாகச் சொல்வார்கள், அதைக் காட்டி அவர் ஒருநாள் சண்டைக்கு வந்தார், சரி, இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் "ஹேஸ் கம் யெஸ்டர்டே" மட்டும் எந்த ஊரிலும் எடுபடாது என்று சமாதானம் ஆனோம்.

இடைச்செருகலாக ஒன்று. துணைவினையின் இன்னொரு வேலை அழுத்தம் கொடுப்பது, கஸ்டமர் சர்வீஸில் இருப்பவர்களுக்கு இது சோறு போடும். "நீங்க ஆளே அனுப்பலை" என்று எழுதுகிறவருக்கு "வி சென்ட்" என்பது சப்பென்று இருக்கும், "வி டிட் சென்ட்" என்றால் அனுப்பினோமே என்ற அந்த ஏகாரம் வந்துவிடும். டிட்டுக்கு அடுத்து அங்கேயும் வெறும் வினைதான்.

பலன் எப்படி? எழுத்தில் முதல் இரண்டு கோளாறும் ஏறக்குறைய போய்விட்டன. பேச்சில் போகவில்லை. ஒரு பக்கம் டெக்னீஷியன் லைனில், இன்னொரு பக்கம் கோபமான வாடிக்கையாளர், நடுவில் மேனேஜர் கூப்பிட்டால் "டிட் நாட் கேம்" தானாக வந்துவிடுகிறது என்கிறார். எழுதும்போது திரும்பிப் பார்க்க நேரம் இருக்கிறது, பேச்சில் இல்லை, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "ஐ ஆம் ஹாவிங் எ டவுட்" என்பதை நான் தொடவே இல்லை. இந்த ஊரே அப்படித்தான் பேசுகிறது, யாருக்கும் அர்த்தம் குழம்புவதில்லை, அதைத் திருத்துகிற நேரத்துக்கு வேறு உருப்படியான வேலை பார்க்கலாம்.

உருப்படியான வேலை என்று நான் நினைத்தது மோடல் பக்கம். அங்கே இவர் இலக்கணத்தில் தவறுவதே இல்லை என்று முன்பே சொன்னேன், ஆனால் மனிதர்களைப் புண்படுத்திக்கொண்டிருந்தார். "யூ மஸ்ட் பி இன் ஹோம் அட் ஃபோர்." வாங்கியவர் மேனேஜருக்கே போன் போட்டு இது என்ன உத்தரவு என்று கேட்டாராம். இவர் மனசில் இருந்தது, "நாலு மணிக்குக் கொஞ்சம் வீட்ல இருக்கணும் சார்". நம்முடைய பணிவு கொஞ்சம் என்ற சொல்லிலும், இருங்க என்பதன் ங்கவிலும், சாரிலும் இருக்கிறது, வேண்டும் என்பது பாவம் நடுநிலையானது. அதே வேண்டும் வான்ட், நீட், ஹேவ் டு, ஷுட், மஸ்ட் என்று ஐந்து இடத்துக்குப் போகும். மஸ்ட் இருப்பதிலேயே கனமானது, வாடிக்கையாளரிடம் அதை எடுக்கவே கூடாது. இங்கிலீஷில் பணிவு துணைவினையில் உட்கார்ந்திருக்கிறது, கேன், வில் ஆகியவற்றின் இறந்தகால வடிவங்களான குட், வுட் இரண்டும்தான் அங்கே ‘கொஞ்சம்’, ‘ங்க’. இறந்தகால வடிவம், ஆனால் இறந்தகால அர்த்தம் இல்லை, தள்ளி நின்று கேட்கிற தொனி. "குட் யூ பி அட் ஹோம் அட் ஃபோர்?" என்று மாற்றிய பிறகு அந்த வகை போன் வரவில்லை. ஆனால் இந்த வுட்டைப் பிடித்துக்கொண்டு "டெக்னீஷியன் வுட் கம் டுமாரோ" என்று அடுத்த வாரமே ஆரம்பித்தார். கேட்பதற்குத்தான் வுட், வாக்குறுதிக்கு வில்லேதான். வருவார் என்று நிச்சயமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் வுட் போட்டால், வருவார்தான், ஆனால் ஏதோ ஒரு நிபந்தனை இருக்கிறது என்று தொக்கி நிற்கும்.

இப்போது நாங்கள் மல்லுக்கட்டுவது "வந்திருக்கணும்" என்ற ஒன்றோடு. வாடிக்கையாளர் ஆள் எங்கே என்று கேட்கிறார், இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "இந்நேரம் வந்திருக்கணுமே சார்" என்கிறார். அது ஊகம் என்றால் "மஸ்ட் ஹேவ் கம்", ஏற்கெனவே அங்கே இருப்பார் என்ற நம்பிக்கை. வர வேண்டியவர் வரவில்லை என்ற ஒப்புதல் என்றால் "ஷுட் ஹேவ் கம்". முதலாவதை அனுப்பினால் அவர் கீழே போய் கேட்டில் தேடுவார், இரண்டாவதை அனுப்பினால் மன்னிப்பாக எடுத்துக்கொள்வார். தமிழில் காலச் சொல் கேட்டுத் தப்பித்த வழி இங்கே செல்லாது, இரண்டுக்கும் இந்நேரம்தான். போன வகுப்பில் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம்: டெக்னீஷியனுக்கு முதலில் போன் போடு, எடுத்தால் "ஹி இஸ் ஆன் த வே", எடுக்காவிட்டால் "ஹி ஷுட் ஹேவ் ரீச்ட் பை நவ், ஐ வில் செக் அண்ட் கால் யூ". மஸ்ட் ஹேவை நேரில் பார்க்காத எதற்கும் எழுதுவதில்லை.